பேய் தேடப் போகிற எழுத்தாளருக்கு

கேள்வி: பழைய வீடு ஒன்றில் இரவு முழுவதும் தனியே தங்கி, அங்கே இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவி நடமாடுவதை உணர்ந்ததாக ஓர் எழுத்தாளர் கட்டுரை எழுதியிருக்கிறார். மாடிப்படியில் காலடி ஓசை கேட்டதாம். படுத்திருந்தபோது நெஞ்சை யாரோ அழுத்தினார்களாம். அவர் பொய் சொல்பவர் அல்லர். நம்பலாமா?

பதில்: ஓசை கேட்டது என்பதை நம்புங்கள். நடந்தது ஆவி என்பதை நம்ப வேண்டாம். முன்னது அவர் காதில் விழுந்தது. பின்னது அவர் புறப்படும்போதே மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டு போனது.

இந்த வேலையில் பெரிய பெயர் எடுத்தவர் இங்கிலாந்தின் ஹாரி பிரைஸ். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் போர்லி என்ற சிற்றூரின் பழைய பாதிரியார் இல்லத்தை 1937இல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார். பத்திரிகையில் விளம்பரம் செய்து ஆட்களைத் திரட்டி, முறைபோட்டுத் தங்கவைத்தார். அதுவரை நியாயம்தான். ஆனால், தங்கப் போனவர்களிடம் ஒரு கையேட்டையும் கொடுத்தார். மணி தானாக அடிக்கலாம், காலடி கேட்கலாம், பொருள்கள் இடம் மாறலாம், திடீரென்று குளிரலாம் என்று எதிர்பார்க்க வேண்டியவை எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. வினாத்தாளோடு விடைத்தாளையும் கொடுத்து நடத்திய தேர்வு அது. 1940இல் அவர் எழுதிய புத்தகத்தால் அந்த வீடு உலகப் புகழ் பெற்றது. வீடோ 1939இலேயே தீக்கிரையாகியிருந்தது. 1956இல் மூன்று ஆய்வாளர்கள் சான்றுகளைப் பிரித்து மேய்ந்து, பெரும்பாலானவற்றுக்கு இயல்பான காரணங்களே போதும் என்றார்கள். சிலவற்றில் பிரைஸின் மீதே சந்தேகம் எழுப்பினார்கள். அவர்கள் நாத்திகர் சங்கத்துக்காரர்கள் அல்லர். அமானுஷ்யத்தை ஆராய்வதற்கென்றே 1882இல் லண்டனில் தொடங்கிய சங்கத்தைச் சேர்ந்தவர்கள்.

பகல் வெயிலில் விரிந்த மரம் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது சடசடக்கும், முனகும். படிக்கட்டுப் பலகைகள் அடுத்தடுத்து ஓசையிட்டால் யாரோ இறங்கி வருவது போலவே இருக்கும். நெஞ்சழுத்தத்துக்கு ‘அமுக்குவான்’ என்று நம் பாட்டிமார் பெயரே வைத்திருக்கிறார்கள். கனவு காணும் உறக்கத்தில் கை கால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்தக் கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால் அசைய முடியாது, மூச்சு முட்டும், அருகில் ஆள் நிற்பது போலத் தோன்றும். தூக்கம் கெட்ட இரவில் இது வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இதோடு விட்டுவிடலாம்தான். விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோன அவர்களுக்குத் தலைவலி, பிள்ளைகள் வெளிறிப்போனார்கள், செடிகள் வாடின, இரவில் காலடி கேட்டது, உருவங்கள் தெரிந்தன. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது. அவர்கள் ஆவி என்றே நம்பி உட்கார்ந்திருந்தால் ஒரு காலையில் யாருமே எழுந்திருக்க மாட்டார்கள். மணமோ நிறமோ இல்லாத வாயு அது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, உருவங்களும் தெரிகின்றன என்றால் உடனே வெளியே வாருங்கள். அடுப்பையும் கீசரையும் ஜெனரேட்டரையும் பழுது பார்க்கிறவரை அழையுங்கள்.

இனி, அந்தப் பெண். அவர் எப்படி இறந்தார் என்று எழுத்தாளர் யாரிடமாவது கேட்டாரா? நோயா, பிரசவமா, அடித்துக் கொன்றார்களா? விசாரணை நடந்ததா? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. அவருடைய மகளோ தங்கையோ இன்று உயிரோடு இருந்து அதைப் படித்தால் என்ன ஆகும்? அவர் வாழ்ந்த ஆண்டுகள் எல்லாம் போய், படியில் கேட்ட ஓசை மட்டும் அவர் பெயருக்கு மிஞ்சுகிறது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுத்தாளர் மறுபடி அந்த வீட்டுக்குப் போவதானால் பகலில் போகட்டும். பக்கத்து வீட்டு முதியவர்களிடம் பேசட்டும், பத்திரப் பதிவையும் இறப்புப் பதிவையும் பார்க்கட்டும். அந்தப் பெண்ணின் பெயரோடும் வயதோடும் அவர் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினால் இந்த இதழில் வெளியிடுகிறேன்.