சேர மறுத்தவர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் எழுத்துகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பொது அமைப்புகளில் உங்களுக்கு அனுபவம் உண்டு என்று அவற்றிலிருந்து அறிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் ஒரு சேவைச் சங்கத்தின் உறுப்பினர். வரும் ஆண்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். எங்கள் சங்கம் தொடங்கி 38 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு காலத்தில் 62 பேர் இருந்த சங்கத்தில் இப்போது 24 பேர் இருக்கிறோம். கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர்கள் 13 அல்லது 14 பேர்தான். அவர்களிலும் அறுபது வயதைத் தாண்டாதவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். இரத்ததான முகாம், கண் பரிசோதனை முகாம், வாசிக்கத் தடுமாறும் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு ஆகியவற்றை நடத்தி வருகிறோம்.

அடுத்த ஐந்தாண்டுகளுக்கான திட்டத்தை வகுக்க உட்கார்ந்தபோது நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. உறுப்பினர் சேர்க்கை இயக்கம் ஒன்றை நடத்தி, ஓராண்டுக்குள் எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்த வேண்டும் என்பது ஒரு தரப்பின் கருத்து. எல்லோரையும் சேர்த்தால் சங்கத்தின் தரம் கெட்டுவிடும், இருப்பவர்களை வைத்து முடிந்ததைச் செய்வோம் என்பது மற்றவர்களின் கருத்து. இளைஞர்களை ஈர்க்க என்ன செய்யலாம்? நீங்கள் எங்கள் பதவியேற்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குழுவின் இரு தரப்பாரும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றினாலும் இருவரும் வாசலுக்கு உட்புறம் நின்றே பேசுகிறார்கள். கதவை அகலத் திறக்கலாம் என்கிறார் ஒருவர், ஒருக்களித்து வைக்கலாம் என்கிறார் மற்றவர். வெளியே வரிசை ஒன்று காத்திருக்கிறது என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. வெளியே நிற்பவர் உங்கள் சங்கத்தைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தெரிகிறது என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதுவதற்கு முன் அதற்கு விடை தேட வேண்டும் என்பதே என் கருத்து.

ரோட்டரி சங்கத்தின் தொடக்க வரலாற்றில் இது தொடர்பான ஒரு நிகழ்வு உண்டு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் ஆகிய நால்வர் கூடித் தொடங்கிய அமைப்பு அது. சிற்றூரில் வளர்ந்து பெருநகரத்துக்கு வந்த ஹாரிஸுக்கு அங்கே நட்புகள் அமையவில்லை. அந்தத் தனிமையே சங்கத்தின் விதை. ஒவ்வொரு முறையும் வேறொரு உறுப்பினரின் தொழிலிடத்தில் சுழற்சி முறையில் கூடியதால், சுழல்வது என்று பொருள்படும் ரோட்டரி என்ற பெயர் வந்தது. அப்போது அவர்களுக்கு இருந்த நோக்கங்கள் இரண்டு: உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தொழிலில் உதவிக்கொள்வது, நட்போடு பழகுவது. சேவை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

மறு ஆண்டு, டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சங்கத்தில் சேர அழைத்தார்கள். உறுப்பினர்களைத் தவிர வேறு எவருக்கும் எந்தப் பயனும் தராத சங்கத்தில் சேர விருப்பமில்லை, ஊருக்கு ஏதாவது செய்யும் அமைப்பாக இருந்தால்தான் அது நிலைக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். இப்படி மறுப்பவரைப் பற்றி நம் சங்கங்களில் என்ன பேசுவார்கள் என்பதை நீங்களும் நானும் அறிவோம். சிகாகோ சங்கத்தினரோ அவரையே உள்ளே அழைத்து, நோக்கங்களில் செய்ய வேண்டிய திருத்தத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நகரத்தின் நலனுக்காக உழைப்பது என்ற மூன்றாவது நோக்கம் அப்படித்தான் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து 1907இல் அந்தச் சங்கம் கையில் எடுத்த முதல் பொதுப்பணி, நகரில் பொதுக் கழிப்பறை அமைப்பதற்கான முயற்சி. இன்று உலகெங்கும் பல்லாயிரம் கிளைகளோடு இயங்கும் ஒரு சேவை இயக்கத்துக்குச் சேவையைக் கொடுத்தவர், அதில் சேர மாட்டேன் என்று சொன்ன மனிதர்.

உங்கள் சங்கத்துக்கும் கார்ட்டர்கள் இருப்பார்கள். 62 பேர் 24 ஆனதில் இறந்தவர்களையும் இடம் மாறிப் போனவர்களையும் கழித்தாலும், உங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு சங்கத்துக்கு வராமல் போனவர்கள் கணிசமாக இருக்க வேண்டும். அழைத்தும் சேராதவர்களும், ஒரு கூட்டத்துக்கு வந்துவிட்டு மறுமுறை வராதவர்களும் இருப்பார்கள். அவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள். பொறுப்பில் இல்லாத, அமைதியாகக் கேட்கத் தெரிந்த இருவர் அவர்களை நேரில் சென்று பார்க்கட்டும். திரும்ப வாருங்கள் என்று மட்டும் அங்கே கேட்டுவிடக் கூடாது. அந்த வேண்டுகோள் எழுந்த கணமே எதிரில் இருப்பவர் உண்மையை விட்டுவிட்டு மரியாதையைப் பேசத் தொடங்கிவிடுவார்.

நானும் அப்படி விலகியவன்தான். ஒரு சேவைச் சங்கத்தில் மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். என்னைச் சேர்த்துக்கொண்ட நாளில் சட்டையில் சின்னம் குத்தி, உறுதிமொழி வாசிக்க வைத்து, கைதட்டிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு குழுவில் என் பெயரைப் போட்டார்கள். அந்தக் குழு மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கூடவில்லை. எங்கே முகாம், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு உதவி என்பதெல்லாம் கூட்டத்துக்கு வரும் முன்பே நான்கைந்து பேருக்குள் முடிவாகியிருக்கும். நாங்கள் கையுயர்த்தி ஒப்புதல் அளிப்போம். அவர்கள் நேர்மையானவர்கள், சங்கத்துக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்தவர்கள். ஆகவே குறைசொல்லவும் மனம் வரவில்லை. நான்காம் ஆண்டுச் சந்தாவைக் கட்டாமல் இருந்துவிட்டேன். நினைவூட்டல் கடிதம் இரண்டு முறை வந்தது. ஏன் கட்டவில்லை என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வந்திருந்தால் ஒருவேளை தொடர்ந்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன், அது வெறும் சாக்காகவும் இருக்கலாம்.

இதனால்தான் சேர்க்கை இயக்கம் என்றாலே எனக்குத் தயக்கம். ஆண்டு முடிவதற்குள் இத்தனை பேர் என்று இலக்கு வைத்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். நண்பரின் வற்புறுத்தலுக்காகச் சேர்பவர் முதல் சந்தாவைக் கட்டுவார், இரண்டாவதைக் கட்ட மாட்டார். புதியவருக்குச் செய்ய ஒரு வேலையும், சொல்ல ஒரு சொல்லும், அந்தச் சொல்லால் முடிவு மாறக்கூடும் என்ற நம்பிக்கையும் கிடைக்காத இடத்தில் அவரைச் சேர்ப்பது, கசியும் தொட்டியில் நீர் நிரப்புவதற்குச் சமம். வரிசையை மாற்றிப் பாருங்கள். உறுப்பினராக்கி வேலை கொடுப்பதை விட்டுவிட்டு, முதலில் வேலைக்கு அழையுங்கள். உங்களிடம் அதற்கு ஏற்ற பணி இருக்கிறது: மாலை வாசிப்பு வகுப்பு. இரண்டு மாதம் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தவருக்குச் சங்கத்தைப் பற்றி நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. அவருக்கு ஒரு சிறு தொகையையும் அதைச் செலவிடும் உரிமையையும் கொடுங்கள். எந்தப் புத்தகம் வாங்குவது என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்கத் தேவையில்லை.

தரம் பற்றிக் கவலைப்படும் தரப்பாரை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கணக்கில் நேர்மை, சொன்ன சொல் காத்தல், சங்கத்தின் பெயரைச் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தாமை ஆகிய மூன்றிலும் அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும். ஆனால் தரம் என்ற சொல்லுக்குள் பழக்கமும் வந்து ஒளிந்துகொள்ளும். கலிபோர்னியாவில் துவார்ட்டே என்ற சிறு நகரத்தின் ரோட்டரி சங்கம், உறுப்பினர்கள் குறைந்துபோன நிலையில், 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை மீறியதற்காகத் தலைமை அமைப்பு மறு ஆண்டு அதன் அங்கீகாரத்தைப் பறித்தது. அவர்கள் கலைந்து போகவில்லை. பெயருக்கு முன் 'முன்னாள்' என்று சேர்த்துக்கொண்டு தொடர்ந்து கூடினார்கள், வழக்கும் நடத்தினார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989இல் விதியே மாறியது. 2022இல் அதே அமைப்பின் உலகத் தலைவராக ஜெனிபர் ஜோன்ஸ் என்ற பெண் பொறுப்பேற்றார். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அமைப்பு தரம் என்று எண்ணிக் காத்தது உண்மையில் என்ன என்று உங்கள் நண்பர்கள் சற்று யோசிக்கலாம். உங்கள் துணை விதிகளையும் எடுத்து ஒருமுறை வாசியுங்கள். எழுதப்பட்ட விதியைவிட எழுதப்படாத விதி வலியது: கூட்டம் நடக்கும் நேரம், விருந்தின் செலவு, பேசப்படும் நகைச்சுவை ஆகியவையும் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கின்றன.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவில் தலைமை அமைப்புக்குப் போவது எவ்வளவு, அரங்குக்கும் உணவுக்கும் போவது எவ்வளவு என்று பிரித்து எழுதி எல்லோரிடமும் கொடுங்கள். உணவை விருப்பத்துக்கு விட்டாலே சந்தா குறையும். பொதுமக்களிடம் திரட்டும் பணத்தை நிர்வாகச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைப்பது அரிமா சங்கங்களில் விதியாகவே உள்ளது. நீங்கள் எந்த அமைப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் அதைப் பின்பற்றலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு உரியது. உங்கள் தலைமையோ ஓராண்டுக்கு உரியது. சேவைச் சங்கங்களின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தலைவரும் தம் பெயரால் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்குகிறார், அடுத்தவர் அதை அன்போடு மறந்துவிடுகிறார். ஆனால் அதே ஓராண்டுத் தலைமையைக் கொண்ட ரோட்டரி, ஒரே பணியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறது. 1979இல் பிலிப்பைன்சில் அறுபது லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பு மருந்து அளிக்கும் பணியாக அது தொடங்கியது. 1985இல் உலகளாவிய திட்டமாயிற்று. பன்னிரண்டு கோடி டாலர் திரட்ட எண்ணி, 1988க்குள் ஏறத்தாழ இருபத்தைந்து கோடியைத் திரட்டினார்கள். அந்த ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் பிறரும் சேர்ந்து போலியோ ஒழிப்பைக் கையிலெடுத்தபோது, ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரை அந்த நோய் முடக்கிக்கொண்டிருந்தது. இன்று இயற்கையான போலியோ கிருமியின் பரவல் ஒழியாமல் எஞ்சியிருப்பவை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகள் மட்டுமே. இடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தலைவர்கள் வந்து போனார்கள். அதை ஒரு தலைவரின் திட்டமாக எவரும் நினைவுகூர்வதில்லை, அது தொடர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

உங்களால் செய்யக்கூடியது இது: உங்களுக்கு அடுத்தும் அதற்கடுத்தும் தலைவராகப் போகிறவர்களை இப்போதே அடையாளம் கண்டு, மூவரும் சேர்ந்து ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள். சேவை நிதியில் பாதியை அதற்கென்று ஒதுக்கி, பொதுக்குழுவில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். மீதிப் பாதியில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எதையும் செய்துகொள்ளலாம். மனித இயல்புக்கு அவ்வளவு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் வாசிப்பு வகுப்பைச் சொல்வேன். முகாம்கள் ஒரு நாளில் முடிந்துவிடுபவை, அவற்றை நடத்த மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளை தடுமாறாமல் வாசிக்கப் பல மாதங்கள் ஆகும், வாரந்தோறும் அதே முகங்கள் வந்தாக வேண்டும். ஒரு சங்கத்தால் மட்டுமே கொடுக்கக்கூடியது அந்தத் தொடர்ச்சி.

இளைஞர்களை ஈர்ப்பது என்ற தொடரை இனிமேல் கூட்டங்களில் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். தம்மை ஈர்க்க முயல்கிறார்கள் என்பது இளைஞர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அண்மையில் பணி ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வீட்டில் தனித்திருப்பவர், மாற்றலாகி வந்து ஊரில் எவரையும் அறியாதவர் ஆகியோரும் புதியவர்களே. ஹாரிஸ் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர் என்பதை மறக்க வேண்டாம். 24 பேர் 35 ஆகி, அவர்களில் 30 பேர் வேலைக்கு வந்தால், ஐம்பதைப் பற்றி உங்கள் குழுவில் எவரும் பேச மாட்டார்கள்.

பதவியேற்பு விழாவுக்கு அழைத்ததற்கு நன்றி. மேடை வேண்டாம், மன்னிக்கவும். வகுப்பு நடக்கும் ஒரு மாலையில் வருகிறேன்; எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். விலகிச் சென்றவர்களைப் பார்த்துப் பேசிய இருவரும் அன்று அங்கே இருந்தால், அவர்கள் கேட்டுவந்ததை எனக்கும் கேட்க ஆவல்.

அன்புடன்