கம்பி நீட்டுவது, அப்பீட்டு ஆவது: சொல் கேள்வி பதில்

கே: ‘கம்பி நீட்டிட்டான்’ என்கிறோமே, எந்தக் கம்பி?

ப: பொற்கொல்லர் பட்டறைக் கம்பி என்பது என் முடிவு. கம்பியச்சு என்பது வரிசையாகத் துளையிட்ட இரும்புத் தகடு. ஒவ்வொரு துளையும் முந்தையதைவிடச் சிறியது. பொன் கம்பியின் முனையைக் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறடால் பிடித்து இழுப்பார்கள். தடித்திருந்தது மெலிந்து, நீண்டு, வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பொருளையும் பாருங்கள். நாய் துரத்தி ஓடியவன் கம்பி நீட்டவில்லை, தலைதெறிக்க ஓடினான். சீட்டுப் பணத்தோடு மறைந்தவன், வேலையைப் பாதியில் விட்டு நழுவியவன், இவர்கள்தான் கம்பி நீட்டுகிறவர்கள். சத்தமில்லாமல் நழுவுவதுதான் இதன் உயிர்.

கே: சிறைக் கம்பியை வளைத்துத் தப்பியதிலிருந்து வந்ததாமே?

ப: அப்படியானால் ‘கம்பி வளைத்தான்’ என்றிருக்கும். சிறைக்கு ‘கம்பி எண்ணுவது’ தனியே இருக்கிறது.

கே: ‘அப்பீட்டு’ ஆங்கிலச் சொல்லா?

ப: பம்பரம் ஆடியவர்களைக் கேளுங்கள். தரையில் சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி எழுப்பிக் கையில் ஏந்துவது அப்பீட்டு. முந்தி எடுத்தவன் தப்பித்தான். பிந்தியவன் பம்பரம் வட்டத்துக்குள் கிடந்து குத்து வாங்கும். தப்பிக்கும் பொருள் ஆட்டத்திலேயே இருக்கிறது. ஓசை ஒத்துவருகிறது என்பதற்காக ஆங்கிலத்தில் வேர் தேடாதீர்கள்.

கே: ‘எஸ் ஆயிட்டான்’?

ப: இது ஆங்கிலமேதான். எஸ்கேப்பின் முதல் அசை.

கே: கம்பி என்றால் ஜெயில் கம்பிதானே ஐயா?

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: எங்கள் குடும்பத் தொழில் நகை வேலை. அச்சில் ‘கம்பி இழுக்கிறது’ என்போம், நீட்டுவது என்பதில்லை. உங்கள் விளக்கம் நிற்காது.

ப: நல்ல மறுப்பு. இழுப்பது கையின் வேலை, நீளுவது கம்பிக்கு நேர்வது. வாசலில் நின்று பார்த்தவர் கண்ணில் பட்டது நீளும் கம்பி.

கே (அவரே): தொழிலாளி சொல்லாத சொல் எப்படி ஊருக்குள் வரும்?

ப: வரும். ‘பின்னங்கால் பிடரியில் பட ஓடினான்’ என்பது பின்னாலிருந்து பார்த்தவன் சொன்னது, ஓடியவன் சொன்னதல்ல. ஆனாலும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த வேலைக்காவது ‘நீட்டு’ என்பார்களா?

கே: டிமிக்கி?

ப: அது ஓடுவதல்ல, ஏமாற்றி நழுவுவது. ‘போலீசுக்கு டிமிக்கி கொடுத்தான்’ என்று ஏமாந்தவருக்கு ‘கு’ சேர்வதைக் கவனியுங்கள்.

கே: ஜெயிலில் கம்பியை அறுத்து…

ப: இல்லை.

கே (நகைத் தொழிலாளி): அப்பாவிடம் கேட்டேன். அச்சில் ஏற்றுமுன் கோலைச் சுத்தியலால் தட்டும்போது ‘இன்னும் நீட்டு’ என்பாராம்.

ப: அப்படியானால் அச்சை விட்டுவிட்டுப் பட்டடைக்கல்லுக்குப் போக வேண்டும். தட்டும்போது கோல் எந்தப் பக்கம் நழுவும், எதால் பிடிப்பார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.