வாசகர் கேள்வி – பதில்: புதுச்சேரிப் பழைய வீடுகளும் இரண்டு விடுதலை நாள்களும்

கேள்வி: புதுச்சேரியில் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 என இரண்டு நாளும் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்களே, எது சரி? (காரைக்கால் வாசகி)

பதில்: இரண்டும் சரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பினார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இறையாண்மை மட்டும் பிரான்சிடமே இருந்தது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், பிரான்ஸ் ஈடுபட்டிருந்த அல்ஜீரியப் போர் முடிந்த பிறகே பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் அது நடைமுறைக்கு வந்தது.

பிரெஞ்சுக் குடியுரிமை தேடுவோருக்கு இந்த இரண்டாவது தேதிதான் முக்கியம். இங்கே பிறந்து அன்று இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே, இங்கேயே இருந்த தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது; அவர் அப்படி எழுதிக் கொடுத்ததற்கான ஆவணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: தமிழர் பகுதி வீடுகளில் பிரெஞ்சுச் சாயல் எங்கே இருக்கிறது? (வில்லியனூர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் மாடியில். கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் சூழ்ந்த முற்றம். மேலே வளைவு சன்னல்களும் சுதைத் தூண்களும். 1738-ல் கட்டப்பட்ட ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையிலும் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறையில் இருக்கிறது, மேல்தளம் பிரெஞ்சு முறையில்.

கேள்வி: எங்கள் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினோம். சில ஆண்டுகளிலேயே உப்புப் பூத்து, செங்கல்லோடு பெயர்கிறது. ஏன்? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: காரணம் சிமெண்ட்தான். அந்தக் காலச் சுவர்களின் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையின் ஈரம் உப்போடு சேர்ந்து மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் உயரம் ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உடைக்கிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே கெடுதலைச் செய்யும்.

சிமெண்டை ஈரக்கறைக்கு மேல் ஒரு அடி வரை கொத்தி எடுங்கள். இணைப்புகளில் உதிரும் காரையை 15 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். கோடை முழுதும் சுவரைக் காயவிடுங்கள்.

பிறகு சுண்ணாம்பாலேயே பூசுங்கள். கலவைக்கு, தண்ணீர் விட்டு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு உப்பில்லாத ஆற்று மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. கலவையில் ஊறவைத்த கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். அவசரத்தில் சரியாக நீறாத கட்டி கலந்துவிட்டால், அது பிறகு சுவரிலேயே நீறி உப்பிக் கொப்புளமாக வெடிக்கும். அதனால் சுண்ணாம்பைச் சலித்தே சேருங்கள்.

பூசுவதற்கு முன் சுவரை நனைத்து, ஒரு முறைக்கு 10–12 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் விரிசல் விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைக்காலத்தில், இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மேலே வெள்ளை அடிப்பதும் சுண்ணாம்பாலேயே இருக்கட்டும்.