ஃப்ரீமேசன் சகோதர அமைப்பில் மக்கள் ஏன் சேருகிறார்கள்? மண்டபத்திலிருந்து சில பதில்கள்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த நான், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மதுரையில் கூடும் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜின் உறுப்பினன். லாட்ஜ் என்றால் நம் பக்கத்தில் இராமேசுவரம் வரும் யாத்திரிகர் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும்; இங்கே அது உறுப்பினர்கள் கூடும் சபையைக் குறிக்கும். நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, ஊரில் ஜமாஅத் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, பங்குப் பேரவை இருக்கிறது, மீனவர் சங்கமும் இருக்கிறது. இத்தனைக்கும் மேல் இன்னோர் அமைப்பில் ஏன் சேர வேண்டும்?

தம்பி, நீங்கள் சொன்ன அமைப்புகளுக்குள் நாம் பிறப்பாலோ தொழிலாலோ ஏற்கெனவே இருக்கிறோம். அவை நமக்குத் தேவையானவை. அவற்றை விட்டுவிட்டு இங்கே வரும்படி எவரும் சொல்வதில்லை. ஆனால் அங்கே நம் அருகில் உட்காருபவர் பெரும்பாலும் நம் உறவினர், நம் தெருக்காரர் அல்லது நம் தொழில்காரர். என் லாட்ஜில் முதல் ஆண்டு என் வலப்பக்கம் ஓர் அரிசி ஆலை உரிமையாளரும் இடப்பக்கம் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாதியாலோ மதத்தாலோ ஊராலோ நாங்கள் மூவரும் ஒருநாளும் சந்தித்திருக்க வழியில்லை. கூடத்தின் நடுவே கீதையும் குர்ஆனும் பைபிளும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். உறுதிமொழி எடுப்பவர் தமக்குரிய மறைநூலைத் தொட்டு எடுப்பார். சபைக்குள் மதத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் விவாதிக்கக் கூடாது என்பது விதி. தொடக்கத்தில் அது எனக்கு வாயைக் கட்டியது போலிருந்தது. ஆனால் அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எதிரில் இருப்பவரிடம் அவருடைய மகள் படிப்பையும் தாயாரின் உடல்நிலையையும் விசாரிக்கத் தோன்றுகிறது என்பதைச் சில மாதங்களில் உணர்ந்தேன்.

நான் ஏன் நிலைத்து நின்றேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேரும் நாளில் பணம், மோதிரம், கைக்கடிகாரம் அனைத்தையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சடங்கின் ஒரு கட்டத்தில், ஏழைகளுக்காக இயன்றதைக் கொடுக்கும்படி கேட்பார்கள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் 'என்னிடம் எதுவும் இல்லை' என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வந்தவர் என் சித்தப்பா. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது நான் சிறுவன். தனுஷ்கோடியிலிருந்து வரும்போதெல்லாம் எங்களுக்குக் கருவாடு கட்டிக்கொண்டு வரும் அவர், புயலுக்குப் பிறகு உடுத்திய வேட்டியோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அம்மா நீட்டிய கஞ்சிச் சட்டியை வாங்கக் கை வராமல் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவனின் கூச்சம் எப்படிப்பட்டது என்பதை, வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த ஒருவனுக்கு ஒரு நிமிடத்தில் உணர்த்திவிடும் சடங்கு வீணானது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பாம்பனிலிருந்து ஒருவர்: இது கொத்தனார்களின் சங்கமாகத் தொடங்கியது என்கிறார்களே, உண்மையா? நம் நாட்டுக்கு எப்போது வந்தது?

கல் கட்டுமானத் தொழிலாளரின் வழக்கங்களும் கருவிகளும் இதற்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை. மூலைமட்டமும் கவராயமும் இன்றும் இதன் சின்னங்கள். நம் கொத்தனார் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைப் போல, உறுப்பினர் தம் நடத்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கருவிகளை வைத்தே பாடம் சொல்லப்படுகிறது. ஆயினும் இப்போதுள்ள வடிவம் லண்டனில் 1717-இல், பல லாட்ஜ்களுக்கும் பொதுவான முதல் தலைமைச் சபை அமைந்ததிலிருந்து தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு அது கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தது. 1770-களில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். ஆனாலும் இந்தியரைச் சேர்ப்பதில் வெள்ளைக்காரர் நெடுங்காலம் தயக்கம் காட்டினார்கள். சகோதரத்துவம் பேசிய அமைப்பின் மீது அது ஒரு கறை என்றே கருதுகிறேன். இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை 1961 நவம்பரில் அமைந்தது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கி, பாஸ்கர சேதுபதி மன்னரால் வரவேற்கப்பட்ட சுவாமி விவேகானந்தர், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு நரேந்திரநாதராக இருந்தபோது, 1884-இல் கல்கத்தாவில் ஒரு லாட்ஜில் சேர்ந்தவர்.

கீழக்கரையிலிருந்து ஒரு வணிகர்: சேர்ந்தால் வியாபாரத் தொடர்புகள் கிடைக்குமா?

அதற்காகச் சேர வேண்டாம். ஆதாயம் கருதி வரவில்லை என்று உறுதி சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு முதல் மாதமே விசிட்டிங் கார்டு நீட்டுபவரிடம் மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்: நான் கத்தோலிக்கன். சேரக் கூடாது என்று எங்கள் பங்குத்தந்தை சொல்கிறார். அவர் சொல்வது பழைய காலத்துப் பேச்சா?

இல்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் 1738-இல் விதித்த தடையை வத்திக்கான் 1983-இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. எங்கள் தரப்பில் கத்தோலிக்கருக்குத் தடை எதுவும் இல்லை. இறைவன் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை மட்டுமே கேட்கப்படுகிறது. ஆனால் உங்கள் திருச்சபை தடுக்கும் ஒன்றைச் செய்துவிட்டு, ஞாயிறு திருப்பலியில் மனம் உறுத்தி நிற்பது உங்களுக்கும் நல்லதன்று, எங்களுக்கும் நல்லதன்று. பங்குத்தந்தையிடம் மறைத்துவிட்டுச் சேருமாறு எந்த உறுப்பினராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

தொண்டியிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் சேர விரும்புகிறார். உள்ளே நடப்பதை வீட்டில் சொல்லக் கூடாது என்கிறார்களே, அது எனக்கு அச்சமாக இருக்கிறது. பெண்களை ஏன் சேர்ப்பதில்லை?

உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. கூட்டம் எந்த நாள், எங்கே நடக்கிறது, எவ்வளவு செலவாகிறது, யாரெல்லாம் உறுப்பினர் என்பவற்றை உங்கள் கணவர் தாராளமாக உங்களிடம் சொல்லலாம். வெளியே சொல்லாதவை, உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அடையாளங்களும் சொற்களும்தான். விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு ஓரிரு உறுப்பினர் வருவார்கள். மனைவிக்குச் சம்மதமா என்று நாங்கள் நேரில் கேட்கிறோம். உங்களுக்கு மனமில்லையென்றால் அப்போது தயங்காமல் சொல்லுங்கள். நான் அப்படிப் போன ஒரு வீட்டில் அந்த அம்மையார், மாதத்தில் ஒரு மாலை போவதற்குத் தடையில்லை, ஆனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டி முடியும் வரை வேண்டாம் என்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே கணவரை அனுப்பிவைத்தார்.

பெண்களைச் சேர்க்காதது தொடக்ககால விதியின் தொடர்ச்சி. இங்கிலாந்தில் 1908 முதல் பெண்களுக்கென்று தனி அமைப்பு நடந்துவருகிறது. நம் பக்கத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் விருப்பம். பழைய விதி என்பது மட்டுமே எனக்குப் போதுமான காரணமாகத் தோன்றவில்லை.

ஏர்வாடியிலிருந்து ஓர் இளைஞர்: நான் மீன்பிடித் தொழில் செய்பவன். படிப்பு பத்தாம் வகுப்பு. என்னைப் போன்றவரைச் சேர்ப்பார்களா? எப்படிச் சேருவது?

தம்பி, இருபத்தொரு வயது நிறைந்து, நல்ல பெயரும் இறை நம்பிக்கையும் இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். படிப்புக்கு அளவு கிடையாது. ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: எங்களில் மருத்துவரும் வழக்கறிஞரும் வியாபாரியும் மிகுதி, கடல் தொழிலாளர் அரிது. சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. சடங்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மதுரைக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் தொழில் கெடும். இவை உங்களைப் போன்றவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். வீட்டுச் செலவுக்குக் கையைக் கடிக்கும் என்றால் சேராதீர்கள்.

எல்லாம் ஒத்துவந்தால், உங்களுக்கு அறிமுகமான ஓர் உறுப்பினரிடம் நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும். இருவர் உங்களை முன்மொழிந்து வழிமொழிவார்கள். பிறகு சபையில் மறைவாக வாக்கெடுப்பு நடக்கும். பெட்டியில் வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம், கறுப்பு உருண்டை போட்டால் மறுப்பு. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும் நாட்களாகப் பார்த்து நேர்காணலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதச் சிலர் யோசனை சொல்வார்கள். மீன்பிடித் தொழில் என்றே எழுதுங்கள்.