வித்த காணிக்குள்ள நம்ம சமாதி இருந்தா என்ன செய்யலாம்?

இலங்கை மலையகத்துல பண்டாரவளைப் பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கங்காணியா இருந்த பூட்டன் வாங்கின தேயிலைக் காணிய சித்தப்பாமார் 2009ல வித்துட்டாங்களாம், அதுக்குள்ள குடும்பத்து சமாதி நாலு இருக்கு, "எப்ப வேணும்னாலும் வந்து விளக்கு வச்சுட்டுப் போங்க"ன்னு வாங்கினவர் அன்னைக்கு சொன்னாராம். இப்ப அவரோட மகன் கெஸ்ட் ஹவுஸ் கட்ட பெக்கோ (மண் தோண்டுற மெஷின்) கொண்டுவரப் போறார், தடுக்க ஏலுமான்னு கேள்வி.

முயற்சி பண்ணலாம் தங்கச்சி, ஆனா அந்த வாய்ப்பேச்சை நம்பி இல்ல. காணியில ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குடுக்குற உரிமை பொதுவா நொத்தாரிஸ் (காணிப் பத்திரம் எழுதி உறுதிப்படுத்துறவர்) முன்னுக்கு எழுத்துல இருக்கணும்னு 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம் சொல்லுது. அதனால முதல் வேலையா காணிப் பதிவகத்துல 2009ல வித்த உறுதியோட (காணிப் பத்திரம்) பிரதிய எடுங்க, பூட்டன் வாங்கின பழைய உறுதியையும் சர்வே பிளானையும் சேத்து எடுங்க. உறுதியில காணிய விவரிக்கிற அட்டவணையில "சமாதி நீங்கலாக"ன்னோ, பிளான்ல ஒரு சின்ன கட்டமா காட்டியோ இருந்துட்டா உங்க கை நல்லா ஓங்கிரும்.

அதுல ஒண்ணும் இல்லன்னா ஊர்ல எல்லாரும் சொல்ற பத்து வருஷக் கணக்கு வரும். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டப்படி தடையில்லாம 10 வருஷம் அனுபவிச்சா வழியுரிமை மாதிரி உரிமை கேக்கலாம், உண்மைதான், ஆனா காணிக்காரர் அனுமதி குடுத்து நீங்க போய்வந்திருந்தா அந்தக் கணக்கு ஓடாது. நல்ல மனசுல அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையே உங்களுக்கு எதிரா திரும்பலாம், எனக்கு இதுல ரொம்ப கவலைதான். எப்பருந்து போறீங்க, கேட்டுப் போனீங்களா கேக்காமப் போனீங்களா, எல்லாத்தையும் லோயர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

அத்தாட்சி சேக்குறத இன்னைக்கே தொடங்குங்க. ஈர சீமெந்துல ஆணியால கீறின பேரும் வருஷமும் தேஞ்சு போயிருந்தா காலை வெயில் சாய்வா விழுறப்போ போட்டோ எடுங்க, உச்சி வெயில்ல தெரியாத எழுத்து அப்ப நிழல் கட்டி தெரியும். சுண்ணாம்பு, கம்பி பிரஷ் எதுவும் வேணாம், மிச்ச எழுத்தும் போயிரும். சுத்தி நட்ட குரோட்டன் வரிசையையும் எடுங்க. மரணச் சான்றிதழ்ல அடக்கம் செஞ்ச இடம் எழுதியிருக்கான்னு பாருங்க, லைசன்ஸ் உள்ள சர்வேயர் ஒருத்தரக் கூட்டிட்டுப் போய் அளக்க முடிஞ்சா இன்னும் நல்லது.

கட்டடத்துக்கு பிரதேச சபை அனுமதி வேணும், மண்சரிவு அபாயம் உள்ள நம்ம பக்கத்துல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட சான்றும் வேணும், ரெண்டு இடத்துக்கும் சமாதி இருக்குன்னு போட்டோவோட ரெஜிஸ்டர் தபால்ல எழுதுங்க, கிராம சேவகருக்கும் ஒரு கொப்பி. மனச புண்படுத்தணும்னே அடக்க ஸ்தலத்துல அத்துமீறினா தண்டனைச் சட்டத்துல குற்றம்தான், ஆனா அந்த நோக்கத்த நிரூபிக்கிறது லேசு இல்ல, அதனால போலீஸை மட்டும் நம்பி இருக்காதீங்க.

கம்பனித் தோட்டத்துக்குள்ள சமாதி இருக்குறவங்களுக்கு இது வேற கதை, 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துல அரசாங்கத்துக்குப் போன நிலம் அது, அரச காணிக்கு எதிரா பத்து வருஷக் கணக்கு செல்லாது.

அந்த மகன்கிட்ட பெரியவங்கள வச்சு ஒருதரம் பேசிப் பாருங்க. சமாதிய சுத்தி ரெண்டு மூணு பேர்ச் (காணி அளக்குற சின்ன அளவு) நிலமும் ஒரு நடைபாதையும் விட ஒத்துக்கிட்டார்னா அன்னைக்கே நொத்தாரிஸ்கிட்ட எழுதி காணிப் பதிவகத்துல பதிஞ்சிருங்க, பதியாம விட்டா அடுத்து வாங்குறவர்கிட்ட பழையபடி இதே சண்டைதான். ஒத்துக்கலன்னா பெக்கோ ஏறுறதுக்கு முன்னாடி மாவட்ட நீதிமன்றத்துல இடைக்காலத் தடை கேக்கணும், ஒரு தடவை தோண்டிட்டா அதுக்கப்புறம் கேக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது.