டம்ளரைத் தட்டிப் பார்ப்பவர்

அன்புள்ள சார்,

கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 27. போன மாதம் ஆபீஸில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்தவர் எடுத்தவுடனே, "மற்றவர்களிடம் இல்லாத, உங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் 23 பேர். நான் 17ஆவது. எனக்கு முன்னால் 5 பேர் பயணம் பிடிக்கும் என்றார்கள். 4 பேர் எதையும் கச்சிதமாகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது என்றார்கள். 3 பேருக்கு இளையராஜா இல்லாமல் பொழுது போகாதாம். 2 பேர் நாய் வளர்க்கிறார்கள். ஒருவர் மலை ஏறுவார், ஒருவர் நன்றாக விசிலடிப்பார். என் முறை வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "எனக்குக் காபி பிடிக்காது." எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நீங்கள் பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் வருகிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. காலை 8.40 பஸ், மாலை 6.15 பஸ். ஒரு பழக்கத்தையாவது உண்டாக்கிக்கொள்ளலாமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

சிரித்தேன், மன்னிக்கவும். காபிக்காகச் சிரித்தேன். என் வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஜாதகமே பார்த்திருப்பார்கள்.

உண்டாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். நான் உண்டாக்கிக்கொண்டவன். கல்லூரி நாட்களில் எழுத்தாளன் என்றால் தனியாகத் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்து ஜிப்பா, ஜோல்னாப் பை எல்லாம் வாங்கினேன். அதோடு விட்டேனா? இனி பச்சை மையில்தான் எழுதுவேன் என்று சபதம் வேறு. கடிதம், கவிதை, மளிகைச் சீட்டு எல்லாம் பச்சை. ஒருநாள் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டையும் பச்சையில் எழுதி நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "சார் கெஸட்டட் ஆபீசரா?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே நீல மைக்குத் திரும்பிவிட்டேன். ஜோல்னாப் பை மட்டும் காய்கறி வாங்க ரொம்ப நாள் உழைத்தது.

இனி நிஜமான ஒருவரைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்காரர் இருந்தார். பித்தளை, வெண்கலம், பிறகு எவர்சில்வர். கடைக்கு வரும் எந்தப் பாத்திரத்தையும் முதலில் கண்ணால் பார்க்கமாட்டார். இடது உள்ளங்கையில் லேசாக ஏந்தி, வலது ஆட்காட்டி விரலின் நகத்தால் விளிம்பில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்து அந்த ஓசை அடங்கும்வரை கேட்பார். நல்ல வெண்கலம் என்றால் ஓசை இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சட்டென்று செத்துவிடும். "இது பேசலை" என்று தள்ளி வைப்பார்.

முப்பது வருஷம் இதைச் செய்த கை, கடையைச் சாத்தினால் சும்மா இருக்குமா? எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குடிப்பார். கோயிலில் குத்துவிளக்கைத் தட்டிக் குருக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வந்தது. டவரா டம்ளரை எடுத்தவர் பழக்கதோஷத்தில் டணார் என்று ஒரு தட்டு. பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெள்ளியா, முலாமா என்று சோதித்துப் பார்க்கிறார், சீர்வரிசைக்கு இப்போதே அடிபோடுகிறார் என்று நினைத்துவிட்டார். இவருடைய மனைவி அரைமணி நேரம் விளக்கம் சொல்லித்தான் கல்யாணமே நடந்தது. "தட்டினது எனக்கே தெரியாதுப்பா" என்று அவர் பிறகு என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

தட்டினது அவருக்கே தெரியாது. நான் பச்சை மையில் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அவ்வளவுதான்.

க்ளென் கூல்ட் என்று கனடாவில் ஒரு பியானோ கலைஞர், 1932இல் பிறந்தவர். அவருடைய நாற்காலி மிகவும் பிரசித்தம். சாதாரண மடக்கு நாற்காலி. 1953இல் அப்பா அதன் கால்களை அறுத்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகள் வைத்துக் கொடுத்தார். தரையிலிருந்து 14 அங்குல உயரத்தில் உட்கார்ந்து, மூக்கு கட்டைகளைத் தொடுகிற மாதிரி குனிந்து வாசிப்பார். மெத்தை கிழிந்து தொங்கிய பிறகும் வேறு நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றுவிட்டார். பார்த்தவர்களுக்கு அது கோமாளித்தனம். ஆனால் அவருடைய ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முறையே தாழ உட்கார்ந்து, தோளின் பலத்தில் அல்லாமல் விரல்களால் மட்டும் வாசிப்பது. ஒவ்வொரு சுரமும் தனித்தனி மணியாக உதிர்கிற அந்த வாசிப்புக்கும் அந்தக் குட்டை நாற்காலிக்கும் சம்பந்தம் உண்டு. வாசிக்கும்போது கூடவே முனகுவார். சின்ன வயதில் அம்மா, வாசிப்பதைப் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார். ஒலிப்பதிவுக்காரர்கள் தலையால் தண்ணீர் குடித்தும் அந்த முனகலை நீக்க முடியவில்லை. இன்றும் இசைத்தட்டில் கேட்கலாம்.

அவரிடமே இன்னொரு வகையும் உண்டு. நியூயார்க்கில் ஜூன் மாத வெயிலில் ஓவர்கோட்டும் மஃப்ளரும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போனவர். பை நிறைய மாத்திரைகள். வியாதி பயம். இதையும் மேதைமையில் சேர்த்து ரசிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அவருக்குப் பாரம். 50 வயதில் போய்ச் சேர்ந்தார்.

நம் பக்கம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாகஸ்வரக்காரர் என்றால் குடுமி, வெற்று மார்பு, நின்றுகொண்டு வாசிப்பது என்று இருந்த காலத்தில் கிராப்பு வைத்துக்கொண்டு ஷெர்வானி போட்டவர். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றவர். ஜம்பம் என்று பேசினார்கள். கொஞ்சம் ஜம்பமும் இருந்திருக்கும், அதனால் என்ன? பாட்டுக்காரருக்கு ஜமக்காளம் விரித்துவிட்டு நாகஸ்வரக்காரரை மட்டும் ஏன் நிற்க வைக்கிறீர்கள் என்ற கேள்வி அந்த உட்காருதலில் இருக்கிறது. அதே பிடிவாதம்தான் கையில் இருந்த குழலோடும் அவரைத் திருப்திப்பட விடவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து, சுருதி இறங்கிய நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். இன்று பாரி நாகஸ்வரம் எடுத்து வாசிக்கிறவர்களில் ஷெர்வானி போடுகிறவரை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கிறுக்கு இருந்தால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். பால் எர்டிஷ் என்ற ஹங்கேரி கணித மேதை வீடு வாசல் இல்லாமல் ஒரு பெட்டியோடு நாடு நாடாகச் சுற்றினார். ஏறக்குறைய 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். சென்னையில் சொற்பொழிவுக்குக் கிடைத்த பணத்தை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுத்த மனிதர். ஆனால் ரொட்டியில் தானே வெண்ணெய் தடவியது 21 வயதில்தான். அவர் போய் இறங்கிய வீடுகளில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள் கதையை யாரும் எழுதவில்லை. ஆண் செய்தால் மேதையின் விசித்திரம். அதையே ஒரு பெண் செய்திருந்தால் ஊர் என்ன பெயர் வைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழில் இப்படிப்பட்டவர்களை "ஆள் ஒரு மாதிரி" என்கிறோம். மாதிரி என்றால் இன்னொன்றைப் போல என்று அர்த்தம். யாரைப் போலவும் இல்லாதவரைப் போய் மாதிரி என்கிறோம். எந்த மாதிரி என்று யாரும் முடிப்பதில்லை. அதை நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பயணம் 5, கச்சிதம் 4, இளையராஜா 3, நாய் 2, மலை 1, விசில் 1. சரியாக 16. நீங்கள் 17. அடுத்து நம் முறை வருகிறதே என்று வயிறு கலங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், முன்னால் பேசிய 16 பேரையும் வகை பிரித்து, ஒருவரையும் தவறவிடாமல், ஒரு மாதம் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறார். அதை ஒரு விஷயமாகவும் அவர் சொல்லவில்லை. காபிக் கதையைச் சொல்வதற்கு முன்னால் வழியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நானாக இருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்பதே நினைவில் இருந்திருக்காது. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. 18ஆவது ஆளிலிருந்து 23 வரை 6 பேர் பாக்கி இருக்கிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் சிரித்த கூச்சத்தில் காதில் விழவில்லையா, அல்லது கடிதம் நீண்டுவிடும் என்று விட்டுவிட்டீர்களா? நினைவிருந்தால் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்