வெச்சிடட்டுமா?

கேள்வி: மேடம், எனக்கு 61 வயசு. எட்டு மாசம் முன்னாடி அம்மா தவறிட்டாங்க, அவங்களுக்கு 92. யார்கிட்ட சொன்னாலும் "நிறைஞ்ச வயசு, பேரன் பேத்தி எல்லாம் பாத்துட்டாங்க, இதுக்குப் போய் அழலாமா"ங்கறாங்க. அம்மாவ நினைச்சாலே கடைசி ரெண்டு வருஷம் படுக்கைல இருந்த முகம்தான் வருது, அதுக்கு முன்னாடி இருந்த அம்மா எங்க போனாங்கன்னே தெரியல. இதுல என் பையன் வேற, பாட்டி ஃபோன் பேசுற மாதிரி "சரி வெச்சிடட்டுமா, வெச்சிடட்டுமா"ன்னு நடிச்சுக் காட்டுறான், வீடே சிரிக்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, எழுந்து போயிட்டேன். என் மேல தப்பா?

பதில்: அக்கா (எனக்கு 54தான், அதனால அக்கான்னே கூப்பிடுறேன்), முதல்ல அந்த 92ஐ ஓரமா வைங்க. வயசானவங்க போனா வலி கம்மியா இருக்கும்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க, ஆனா நீங்க பொறந்ததுலேர்ந்து போன வருஷம் வரைக்கும் அம்மா இல்லாத உலகத்துல ஒரு நாள் கூட இருந்ததில்ல, 60 வருஷப் பழக்கம் அது, எட்டு மாசத்துல எப்படிப் போகும்? சுத்தி இருக்கறவங்க "இதுக்கெல்லாம் அழணுமா"ன்னு உரிமையே குடுக்காத துக்கம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தனியா ஒரு பேரே வெச்சு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989லயே எழுதிட்டார். அழுகை வந்தா அழுங்க, அவ்வளவுதான். சாப்பாடு தூக்கம் வேலை எதுவுமே ஓடலைன்னா மட்டும் ஒரு மனநல டாக்டரப் பாருங்க.

அந்தப் படுக்கை முகத்துக்கு வரேன். ஒரு அனுபவத்துல உச்சத்தையும் முடிவையும்தான் மனசு கெட்டியா பிடிச்சுக்கும், எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கறத பெருசா கண்டுக்காதுன்னு உளவியல் ஆய்வாளர் டேனியல் கானமன் சொன்னார். அவர் பாத்தது வலி மாதிரி சின்னச் சின்ன அனுபவங்கள, ஆனா எனக்கென்னவோ அம்மாக்கள் விஷயத்துலயும் இதேதான் நடக்குதுன்னு தோணும், கடைசி ரெண்டு வருஷம் வாசல்ல நின்னுக்கிட்டு மத்த 90ஐயும் உள்ள விட மாட்டேங்குது. அதனால அம்மாவ நேரா தேடாதீங்க, உங்களத் தேடுங்க. பத்து வயசுலேர்ந்து முப்பது வரைக்கும் நடந்தது பொதுவா மத்ததவிட நல்லா ஞாபகத்துல நிக்கும். உங்க 12 வயசுல நீங்க எங்க உக்காந்து படிச்சீங்க, அப்ப அம்மா எந்தப் பக்கம் இருந்தாங்க, கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு யோசிங்க. அன்னைக்கு அவங்களுக்கு 43. இப்ப உங்களவிட 18 வயசு சின்னப் பொண்ணு அக்கா அவங்க! கோவப்பட்டிருப்பாங்க, உங்ககிட்ட ஏதாவது மறைச்சிருப்பாங்க, ஒரு தடவையாவது அநியாயமா அடிச்சிருப்பாங்க. அதையும் சேத்தே எடுங்க, போனவங்கன்னு தெய்வமாக்கிட்டா முகம் இன்னும் தூரமா போயிடும்.

குரல் விஷயத்துல மட்டும் தள்ளிப் போடாதீங்க. 120 நாள் திறக்காம கிடந்தா வாட்ஸ்அப் கணக்கு பொதுவா அழிஞ்சிடும், அம்மாவோடது இந்நேரம் போயிருக்கும், ஆனா உங்களுக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ நீங்க அழிக்காம இருந்தா உங்க ஃபோன்லயே இருக்கும், பசங்க ஃபோன்லயும் இருக்கும். ஃபோன் மாத்துறதுக்குள்ள எடுத்து ரெண்டு இடத்துல சேவ் பண்ணுங்க. எங்கம்மா அனுப்பினது ஒண்ணு என்கிட்ட இருக்கு, பேசுறது 11 செகண்ட், அப்புறம் நிறுத்தத் தெரியாம ஒரு 40 செகண்ட், நாற்காலி நகர்ற சத்தம், பெருமூச்சு, "இது நின்னுச்சா இல்லையா"ன்னு தனக்குத்தானே ஒரு கேள்வி. என்ன சேதி சொன்னாங்கன்னு மறந்தே போச்சு. அந்த 40 செகண்ட் மனப்பாடம்.

பழைய ஃபோட்டோ இருந்தா பின்னாடி பென்சில்ல மெதுவா பேர், வருஷம் எழுதி வைங்க, பால்பாயிண்ட் வேணாம், அச்சு முன்பக்கம் வந்துடும். அம்மா பக்கத்துல நிக்கறது யாருன்னு சொல்ல இப்ப வீட்ல மிச்சம் இருக்கறது நீங்கதான்.

பையன் மேல கோவம் வந்தது தப்பில்ல, ஆனா அவன் கிண்டல் பண்ணல அக்கா. உங்க கண்ணுல படுக்கைல இருக்கற முகம், அவன் காதுல கேக்கறது, ஃபோன வைக்க மனசு வராம இழுக்கற பாட்டி. நீங்க தொலைச்சுட்டேன்னு தேடுற ஆள் அவன் வாய்ல உக்காந்திருக்காங்க. அடுத்த தடவை அவன் ஆரம்பிச்சா எழுந்து போகாம இருந்து பாருங்க, அவன் ரெண்டு "வெச்சிடட்டுமா"தான் போடுறான்னு எழுதியிருக்கீங்க, அம்மா உண்மையா எத்தனை போடுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், திருத்துங்க.